பாதி விட்டது விட்டதாகுமா?



ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் யாம் பயின்ற காலத்தில், 'அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க' என்பதை முதல் விதியாகக் கற்பித்தனர். ஆகவே இவ்விதழின் பாடத்தையும் நாம் அனைவரும் அறிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம். சிகரெட்டு தீது. இதனை இன்று மறுப்பார் எவருமிலர், பிடிப்பவரே மறுப்பதில்லை. நம்மில் பலர் அறியாதது வேறொன்று. சிகரெட்டை விடுவதற்கென்று கையில் எடுத்த மற்றொரு கருவி, ஒருவரை ஆண்டுக்கணக்கில் நடுவழியிலேயே நிறுத்திவிடக் கூடும் என்பதே அது. அக்கருவியின் பெயர் மின் சிகரெட்டு. இளைஞர்கள் அதனை 'வேப்' என்று வழங்குகின்றனர்.

இப்பாடத்தை நூல்களைக் கொண்டு மட்டும் யாம் எழுதவில்லை. எம் தமையனாரின் பேரன் ஒருவனது இசைவைப் பெற்று, அவன் பட்ட பாட்டைக் கொண்டே எழுதுகிறோம். இதில் எம் பிழையும் ஒன்றுண்டு. அதனையும் மறைக்கவில்லை.

ஓசூருக்கு வந்த பிள்ளைகள்

பணி ஓய்வுக்குப் பின் யாம் ஓசூரில் மகன் இல்லத்தில் தங்கியுள்ளோம். கேழ்வரகு வயல்களும் ஏரிகளுமாக இருந்த இப்பகுதி, 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின் முகம் மாறியது. மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் உருவாகும் ஆலைகள் எழுந்தன. 2004-ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இவ்வூர் சேர்ந்தது, 2019-இல் மாநகராட்சியாயிற்று. ஜூஜூவாடியைத் தாண்டினால் கருநாடகத்து அத்திப்பள்ளி, அதற்கப்பால் பெங்களூரு. செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து நம் சிற்றூர்களிலிருந்து பட்டயப் படிப்பு முடித்த பிள்ளைகள் இங்கு வந்து, நால்வர் ஐவராக அறை எடுத்துத் தங்கி, மூன்று ஷிப்டிலும் உழைக்கின்றனர்.

எம் பேரனும் அவ்வாறு வந்தவனே. இருபதாம் வயதில் வேலையில் சேர்ந்தான். ஆலைக்குள் புகை பிடிக்கத் தடை உண்டு. ஆயினும் இரவு ஷிப்டு முடிந்து வாயிலைக் கடந்தால் எதிரே டீக்கடை. டீக்குத் துணையாகச் சில்லறைக்கு ஒரு சிகரெட்டு. 'தூக்கம் தெளியும்' என்று மூத்த தொழிலாளி ஒருவர் நீட்டியதே முதலாவது. மூன்றாண்டில் அது நாளொன்றுக்குப் பத்தாயிற்று.

மணமான பின் மனைவியின் வேண்டுகோளுக்கு இணங்கி விட முயன்றான். மூன்று நாள் தாங்கினான். நான்காம் நாள் டீக்கடை வென்றது. அந்நிலையில் நண்பன் ஒருவன், பேனா போன்ற கருவி ஒன்றைக் கொடுத்து, 'இதில் சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை, இதனை இழுத்தால் சிகரெட்டு தானே போய்விடும்' என்றான். பழச்சுவை கமழும் ஆவி. இரு வாரத்தில் பத்து சிகரெட்டு நான்காகக் குறைந்தது.

மகிழ்ச்சியோடு எம்மிடம் வந்து, "பாட்டி, சிகரெட்டை விட்டுவிட்டேன்" என்றான். கருவியைக் காட்டி, "இதில் நெருப்பே இல்லை, தேயுகாய உயிர்களுக்கும் தீங்கில்லை, பாருங்கள்" என்று நகைத்தான். யாமும் நகைத்தோம். அவ்வாண்டு ஊர் ஜினாலயத் திருவிழாவில் உறவினர் நடுவே, "இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று புகழ்ந்தும் பேசினோம். தேர்வு எழுதி முடிக்காத மாணவனுக்கு முழு மதிப்பெண் இட்ட பிழை அது. அன்று முதல், எஞ்சியிருந்த நான்கு சிகரெட்டைப் பற்றி அவன் எவரிடமும் வாய் திறக்க இயலாதவனானான்.

இரண்டாண்டுகள் கழிந்தன. நான்கு நான்காகவே நின்றது. கருவியோ தலையணை அருகிலும் இடம் பிடித்தது. ஒருமுறை அதற்குரிய திரவம் இரு வாரம் கிடைக்காமற் போகவே, நான்கு மீண்டும் பத்தாயிற்று. மனைவி கருவுற்றாள் என்று அறிந்த நாளின் மாலையில் எம் அருகே வந்து அமர்ந்தான். "பாட்டி, நான் விடவே இல்லை. முன்பு எனக்கு ஒரு பழக்கம், இப்போது இரண்டு" என்றான்.

கருவியின் உள்ளே என்ன?

மின் சிகரெட்டின் இன்றைய வடிவைச் சீன நாட்டு மருந்தாளுநர் ஹோன் லிக் 2003-ஆம் ஆண்டு உருவாக்கினார். தாம் சிகரெட்டை முற்றிலும் விடவில்லை, இரண்டையும் பயன்படுத்துவதுண்டு என்று அவரே செய்தியாளரிடம் கூறியுள்ளார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கருவியில் ஒரு மின்கலம், ஒரு சிறு வெப்பச்சுருள், ஒரு குப்பித் திரவம் ஆகியவை உள்ளன. திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள் ஆகியவற்றோடு பெரும்பாலும் நிகோட்டின் கலந்திருக்கும். சுருள் சூடாகும்போது திரவம் ஆவியாகி நுரையீரலுக்குள் செல்கிறது. இலை எரியாமையால் சிகரெட்டுப் புகையிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை எனலாம். இந்த உண்மையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பழக்கத்தின் வேர் புகையில் இல்லை, நிகோட்டினில் உள்ளது. உள்ளிழுத்த சில நொடிகளில் அது மூளையை எட்டி இன்ப உணர்வைத் தூண்டுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு பாதியாகிவிடும். உடனே மூளை மறுபடி கேட்கிறது. கிளையை மாற்றிக் கட்டினோமேயன்றி வேரைத் தொடவில்லை.

இங்கிலாந்தில் இதனைப் பயன்படுத்திச் சிகரெட்டை விட்டவர் இல்லையா என்று படித்த பிள்ளைகள் வினவுவர். உண்டு. 2019-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அந்நாட்டு அரசு நலச்சேவை வழியே விட முயன்ற 886 பேரை இரு பிரிவாக்கினர். ஓராண்டு முடிவில், மின் சிகரெட்டு பெற்றவருள் 18 விழுக்காட்டினரும், நிகோட்டின் பசை, பட்டை முதலிய மாற்று மருந்து பெற்றவருள் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டின்றி இருந்தனர். இதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். மின் சிகரெட்டைக் கொண்டு விட்டவருள் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் அக்கருவியை விடவில்லை. மேலும், அவர்கள் அனைவருக்கும் வாரந்தோறும் ஆலோசகரின் துணை இருந்தது. விடும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. நம் பிள்ளைக்கு இருந்ததோ நண்பன் சொல் ஒன்றே.

நம் நாட்டின் நிலையும் வேறு. கருநாடக அரசு 2016-இலும் தமிழக அரசு 2018-இலும் இக்கருவியைத் தடை செய்தன. 2019-ஆம் ஆண்டு நடுவண் அரசு இயற்றிய மின் சிகரெட்டுத் தடைச் சட்டம், இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகிய அனைத்தையும் நாடு முழுவதும் தடுத்தது. விற்பவர்க்கு முதற்குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே எல்லையின் எப்புறத்தில் கிடைப்பதும் களவாக வருவதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் கூடாது என்ற வரம்புண்டு. களவாக வரும் குப்பிக்கு வரம்பேது? 2019-இல் அமெரிக்காவில், கஞ்சாச் சத்துக் கலந்து களவாக விற்ற குப்பிகளால் பெரும்பாலும் நேர்ந்த நுரையீரல் நோயில் 68 பேர் மாண்டனர். குப்பிக்குள் என்ன உள்ளதென்று அறியாமல் இழுப்பதன் விளைவு அது.

ஏன் பாதியில் நிற்கிறது?

எம் பேரனை ஒரு பழைய நாட்குறிப்பேட்டில் ஒரு வாரம் எழுதச் சொன்னோம். எந்நேரம், எவ்விடம், சிகரெட்டா கருவியா, அப்போது மனம் எப்படி என்பனவே நான்கு பத்திகள். திட்டவில்லை, திருத்தவுமில்லை. வார முடிவில் மூன்று காரணங்கள் தாமே வெளிப்பட்டன.

முதலாவது, சிகரெட்டுக்கு முடிவுண்டு, கருவிக்கு இல்லை. ஒரு சிகரெட்டு சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்ததற்குக் கடைக்குச் செல்ல வேண்டும். கருவியோ சட்டைப்பையில் எந்நேரமும் விழித்திருக்கிறது. எண்ணிக்கையே இல்லாத பழக்கத்திற்கு அளவும் இல்லை. நிகோட்டின் வேட்கை குறைவதற்கு மாறாக, நாள் முழுதும் ஊட்டி வளர்க்கப்பட்டது.

இரண்டாவது, எஞ்சிய நான்கும் வெறும் நான்கல்ல, வேர்விட்ட நான்கு. எழுந்தவுடன் ஒன்று, உணவுக்குப் பின் ஒன்று, ஷிப்டுக்கு முன் ஒன்று, ஷிப்டு முடிந்து டீயோடு ஒன்று. இவை இடத்தோடும் நேரத்தோடும் மனிதரோடும் பிணைந்தவை. எழுந்து அரை மணிக்குள் முதற்சிகரெட்டை நாடுவது கடும் அடிமைத்தனத்தின் அடையாளம் என மருத்துவர் கூறுவர். எளிய ஆறினைக் கருவி ஏற்றுக்கொண்டது. அரிய நான்கைத் தொடவே இல்லை.

மூன்றாவது, 'குறைத்துவிட்டேன்' என்ற நிறைவு. அது விடும் முயற்சியையே நாளை, நாளை என்று தள்ளியது. அந்நிறைவை ஊரறிய வளர்த்தவர்களுள் யாமும் ஒருவரே.

பாதி குறைந்தால் தீங்கும் பாதியா?

கணக்குப் பாடத்தில் பத்தில் நான்கு எனின் நாற்பது விழுக்காடு. உடலின் கணக்கு அவ்வாறில்லை. 141 தொடர் ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட்டு பிடிப்பவர்க்கும், இருபது பிடிப்பவர்க்கு மிகும் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு என்று காட்டியது. இருபதில் ஒன்று, அபாயத்தில் பாதி! பாதுகாப்பான ஒரு சிகரெட்டு என்பது இல்லை. எம் பேரன் இதனைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. நான்கிற்காகத் தான் மகிழ்ந்திருந்ததை எண்ணினான் போலும்.

பிறக்கவிருக்கும் குழவியின் பொருட்டும் இதனை எண்ண வேண்டும். அருகிருப்போர் விடும் புகை கருவுற்ற தாயையும் தாக்கும். ஆவியும் வெறும் நீராவி அன்று. அதிலும் நிகோட்டின் உண்டு. தவழும் பிள்ளை கைக்கெட்டும் இடத்தில் அத்திரவக் குப்பி இருப்பின், அதனை விழுங்குதல் உயிருக்கே இடராகும்.

விரதமும் வழுவும்

ஏழு வியசனங்களின் வரிசையில் புகையிலை பெயர் சொல்லப்படவில்லையே என்பாருண்டு. அது போர்த்துக்கீசியர் வழியே பிற்காலத்தில் இந்நாட்டிற்கு வந்த இலை. முன்னோர் வரிசையில் அதன் பெயர் எவ்வாறு இருக்கும்? மனிதனை அடிமைப்படுத்துவதே வியசனம் என்ற பொருளை அறிந்தார்க்குப் பெயர் வேண்டுவதில்லை.

இங்கு நம் மரபு கற்பிக்கும் நுட்பம் ஒன்று பெரிதும் பயன்பட்டது. விரதத்தினின்று வழுவுவதை நம் ஆசாரியர் நான்கு படிகளாக வகுத்தனர். மனத்தின் தூய்மை தளர்தல் அதிக்கிரமம். ஒழுக்கத்தின் வேலியைத் தாண்டுதல் வியதிக்கிரமம். விலக்கிய பொருளில் ஈடுபடுதல் அதிசாரம். அதிலேயே பற்றி மூழ்கிவிடுதல் அனாசாரம். டீக்கடையை நினைத்தல், டீக்கடைக்கு நடத்தல், ஒன்றைப் பற்றவைத்தல், 'இனி என்ன, எல்லாம் போயிற்று' என்று பழைய நிலைக்கே திரும்புதல் என்று பேரன் தானே பொருத்திக் கொண்டான். இதனால் இரு பயன். முதற்படியிலேயே தன்னைக் கண்டுகொள்ளலாம். மூன்றாம் படிவரை சென்றாலும் நான்காவதற்குப் போக வேண்டுவதில்லை. வழுவியவன் பெரியோர்முன் கூறித் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் இதற்கன்றோ விதிக்கப்பட்டன? ஆனால் கூறுவதற்கு ஓர் இடம் வேண்டும். கூறினால் ஏசும் இல்லமும், கூறுமுன்பே புகழும் இல்லமும், ஆகிய இரண்டுமே அவ்விடத்தை அடைத்துவிடுகின்றன.

விடும் முறை

1. நாள் குறித்தல். சிகரெட்டு, கருவி ஆகிய இரண்டிற்கும் சேர்த்தே ஒரு நாளைக் குறிக்க வேண்டும். இரண்டு வாரத்திற்குள் அந்நாள் அமைவது நலம். இரவு ஷிப்டு இல்லாத வாரமாகப் பார்த்து எம் பேரன் குறித்தான்.

2. துணை பெறுதல். 1800-11-2356 என்பது புகையிலையை விட விரும்புவோர்க்கென நடுவண் அரசு 2016-இல் தொடங்கிய கட்டணமில்லாத் தொலைபேசி எண். பின்னர் பெங்களூரு நிமான்சு மருத்துவ நிறுவனமும் இப்பணியில் சேர்ந்தமையால் தமிழிலும் பேச இயலும். அந்நிறுவனம் பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே அமைந்துள்ளது. கருவி எந்தச் சாலை வழியே வந்ததோ, அதே சாலையில் மருந்தும் உண்டு. அரசு மாவட்ட மருத்துவமனையிலும் புகையிலை விடுவிப்பு ஆலோசனை பற்றிக் கேட்டறியலாம்.

3. மருந்து. 2 மில்லிகிராம் நிகோட்டின் பசை மருந்துக்கடையில் கிடைக்கும். களவுக் குப்பி போலன்றி அளவறிந்தது. படிப்படியாகக் குறைத்து நிறுத்தத்தக்கது. இதனை மிட்டாய் போல் மெல்லலாகாது. காரச்சுவை தோன்றும்வரை மெதுவாக மென்று, கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைத்து, சுவை அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காப்பி கூடா. இதயநோய் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. பிற மாத்திரைகளும் உள. அவை மருத்துவர் சீட்டின்றிக் கொள்ளத்தக்கன அல்ல.

4. முதல் வாரத்தைக் கடத்தல். சினம், படபடப்பு, உறக்கமின்மை, பசி ஆகியவை முதற்சில நாட்களில் உச்சமாகி, மூன்று நான்கு வாரங்களில் தணியும். ஒவ்வொரு வேட்கையலையும் சில நிமிடமே நிற்கும். அந்நிமிடங்களில் தண்ணீர் பருகுக, நடக்க, எவரையேனும் அழைத்துப் பேசுக. இல்லத்தார் அச்சினத்தை மருந்தின் கசப்பாகக் கொண்டு பொறுத்தருள வேண்டும்.

5. வழியை மாற்றுதல். பேரன் ஒரு மாதம் ஆலையின் மற்றொரு வாயில் வழியே வெளியேறினான். டீயை வீட்டில் வந்து அருந்தினான். சிறு செயலே, ஆயினும் நான்காவது சிகரெட்டை வீழ்த்தியது இதுவே.

விட்டதன் பயன் விரைவில் தெரியும். 12 மணி நேரத்தில் குருதியிலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வரும். ஓராண்டில், சிகரெட்டினால் மிகுந்த இதயநோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகும்.

இன்றைய நிலை

குறித்த நாளன்று பேரன் கருவியையும் குப்பிகளையும் எம் கண்முன்னே உடைத்து அப்புறப்படுத்தினான். பதினெட்டு நாள் ஒன்றுமின்றிக் கழிந்தது. பத்தொன்பதாம் நாள், இயந்திரம் பழுதாகி இரட்டை ஷிப்டு பார்த்த விடியலில், ஒரு சிகரெட்டு பிடித்துவிட்டான். வீட்டிற்கு வந்ததும் வராததுமாக எம்மிடம் வந்து, "பாட்டி, மூன்றாம் படி" என்றான். யாம் கடிந்து கொள்ளவில்லை. குறிப்பேட்டை எடுத்து அந்நாளையும் எழுதச் செய்து, காலைச் சிற்றுண்டி இட்டோம். அதற்குப் பின் ஐந்து மாதங்கள் ஆகின்றன. பசை நாளொன்றுக்கு ஒன்றாகக் குறைந்துள்ளது. சென்ற மாதம் பெண்மகவு பிறந்தது. இம்முறை யாம் எவரிடமும் அவனைப் புகழவில்லை, இக்கட்டுரையிலும் புகழவில்லை. முழு ஆண்டு நிறைந்தபின் பார்ப்போம் என்று அவனே கூறியுள்ளான்.

இல்லத்தில் கலந்துரையாடுதற்கு

1. பழக்கத்தின் கருவியை மாற்றுதலுக்கும் பழக்கத்தை விடுதலுக்கும் உள்ள வேறுபாடு யாது? டீ, கைப்பேசி முதலிய நும் பழக்கங்களிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. எஞ்சிய சிகரெட்டுகளே ஏன் அரியன? எம் பேரனின் நான்கினைக் கொண்டு விளக்குக.

3. வழுவின் நான்கு படிகளை, நீவிர் மேற்கொண்டு தவறிய ஏதேனும் ஒரு நியமத்தோடு பொருத்திப் பார்க்க.

4. நும் இல்லத்தில் ஒரு பிள்ளை, 'நான் இன்னும் விடவில்லை' என்று அஞ்சாமல் கூற இடமுண்டா? இவ்வினாவிற்குப் பெரியோர் முதலில் விடை கூறுக.

வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இப்பக்கத்தை அனுப்பி வைக்குமாறு பெற்றோரை அன்புடன் வேண்டுகிறோம்.